அட்டவணையில் இல்லாத மீன்

நடந்தவை, வரிசையாக:

1. பட்டுக்கோட்டைக்குத் தெற்கே ஒரு கடலோர ஊரில், இறால் பண்ணை ஒன்றின் கழிவுநீர்க் கால்வாய் எந்த இடத்தில் கடலில் விழலாம் என்று பார்த்து எழுத என்னை அனுப்பினார்கள்.

2. கால்வாய்க்குக் குறித்திருந்த இடம் ஒரு பாசிப் பரப்பு. அந்த ஊர்ப் பெண்கள் சிலர் அதில் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று கையால் இறாலும் நண்டும் பிடித்துப் பிழைத்தார்கள்.

3. பாசியிலேயே குடியிருக்கும் மீன் இருந்தால் கால்வாயை வேறு பக்கம் திருப்ப வேண்டும். இல்லையென்றால் அங்கேயே வெட்டலாம். படிவத்தில் இதற்கென்று ஒரு வரி இருந்தது.

4. பன்னிரண்டு இடங்களில் நானே இறங்கி மாதிரி எடுக்க வேண்டும். ஓர் இடத்தில் மட்டும் இறங்கினேன். மற்ற பதினொன்றையும் அந்த ஊர்ப் பெண் ஒருவர் எடுத்துக் கொடுத்தார்.

5. அவர் பாசியை அலசி எறிந்துவிட்டு மீனையும் இறாலையும் மட்டும் சுத்தமாகக் கொடுத்தார். நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

6. படிவத்தில் அந்த வரிக்கு நேரே ‘இல்லை’ என்று எழுதினேன்.

7. பதினோரு நாள் கழித்து, அலசாத அந்த ஒரு மாதிரியில் மீன் இருந்தது.

8. அதன் பிறகு நடந்த கூட்டத்தில் என்னிடம் நேராகவே கேட்டார்கள். நான் சொல்லவில்லை.

இப்படி எழுதிப் பார்த்தால் ஐந்தாவது வரி மிகச் சாதாரணமாகத் தெரிகிறது. களவேலையில் மாதிரி கெட்டுப் போவது நடக்கிற காரியம்தான். கெட்ட மாதிரியைத் தள்ளிவிட்டு மறுபடி எடுப்பார்கள், அவ்வளவுதான். நான் ஏன் மறுபடி எடுக்கவில்லை என்பதைத்தான் எட்டு வரிக்குள் அடக்க முடியவில்லை.

மீன்வளப் படிப்பை முடித்து எனக்குக் கிடைத்த முதல் வேலை அது. டெல்டா முழுக்க இறால் பண்ணைகள் கரையோரத்தை வளைத்துக்கொண்டிருந்த வருடங்கள். தண்ணீர் சரியாக வராத கடைமடை நிலத்தை மிராசுதார்கள் ஏக்கர் ஏக்கராக விற்றார்கள். விற்காதவர்களின் வயலில் பக்கத்துக் குட்டையிலிருந்து உப்பு ஊறியது. நடவுக்கும் அறுப்புக்கும் போய்க்கொண்டிருந்தவர்கள் வேலை இல்லாமல் சாலை மறியல் செய்தார்கள். ஆட்சி மாறிச் சுவர்களில் சின்னங்களை அழித்து எழுதிக்கொண்டிருந்தார்கள். குட்டைகள் மட்டும் யார் ஆட்சியிலும் வெட்டப்பட்டன. எதிர்ப்பு வலுத்தபோது, கால்வாய் வெட்டுமுன் கடலைப் பார்த்து எழுதி வாங்க வேண்டும் என்று ஏற்பாடு வந்தது. எழுதிக் கொடுப்பதற்கென்றே சில ஆய்வு நிறுவனங்கள் முளைத்தன. அப்படி ஒன்றில்தான் நான் இருந்தேன்.

காலை எட்டு மணிக்கு ஜீப் கரையில் நின்றது. அந்தப் பக்கத்துக் கடலில் பெரிய அலை கிடையாது. நடவுக்குத் தண்ணீர் கட்டிய வயல்போலப் பரந்து கிடக்கும். நூறு அடி நடந்தாலும் தொடையளவுதான் ஆழம். அடியில் முழுக்கப் பாசி. எங்கள் புத்தகத்தில் அதற்குக் கடற்புல் என்று பெயர். நாற்று மாதிரி நீள நீளமாக வளர்ந்து, நீரோட்டம் போகும் பக்கம் சாய்ந்து நிற்கும்.

ஏழெட்டுப் பெண்கள் அதற்குள் தண்ணீரில் நின்றார்கள். அவர்களில் ஒருவரை உதவிக்குக் கேட்டேன். நாற்பது வயதிருக்கும். சேலையைத் தூக்கிச் செருகி, இடுப்பில் ஒரு ஓலைப் பறி கட்டியிருந்தார். பிடித்ததைப் போட்டுக்கொள்ளும் கூடை அது. நான் அவரை அக்கா என்றேன். அவர் என்னை ஆபீசரம்மா என்றார். அப்படிக் கூப்பிட வேண்டாம் என்று நான் சொல்லவில்லை.

முதல் இடத்துக்கு நானும் இறங்கினேன். இரும்புச் சட்டத்தைத் தரையில் வைத்து, அதற்குள் இருக்கும் பாசியை வேரோடு பிடுங்கி வலைப்பையில் போட வேண்டும். அப்போதுதான் பாசிக்குள் இருப்பதெல்லாம் சேர்ந்து வரும். அக்காவுக்குச் செய்து காட்டினேன். மேலே வரும்போது என் சுடிதார் முழங்காலுக்கு மேலே நனைந்து ஒட்டியிருந்தது. சேறு வாரிய கையைத் துடைக்க இடமில்லாமல் விரித்துப் பிடித்தபடி நின்றேன்.

அக்காவோடு அவருடைய நாத்தனார் இருந்தார். வாய் சும்மா இருக்காதவர்.

“பட்டணத்துப் புள்ளய சேத்துல எறக்கிட்டீங்களே அண்ணி. சளி புடிச்சா யாரு பதில் சொல்றது?”

“நீ சும்மா இருடி. ஆபீசரம்மா, நீங்க கரையில நில்லுங்க. எப்பிடி எடுக்கிறதுன்னுதான் பாத்துட்டேனே. நான் எடுத்தாந்து தர்றேன்.”

“நிக்கிறதாவது. நாக்காலி எடுத்தாரேன். கொடையும் புடிக்கணும்னா சொல்லிருங்க, அதுக்கு ஒரு ஆளப் போடுவோம்.”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நாத்தனார் விளையாட்டுக்குச் சொன்னாலும் கரையோரத்து வீட்டிலிருந்து பிளாஸ்டிக் நாற்காலி உண்மையாகவே வந்தது. வேலிக்கருவை நிழலில் போட்டார்கள். உட்கார்ந்தேன்.

பிறகு நான் எனக்குச் சொல்லிக்கொண்ட காரணங்கள்: நனைந்த துணியோடு ஓட்டுநர் முன்னால் நிற்கக் கூச்சமாக இருந்தது, பன்னிரண்டு இடத்தையும் ஒரே நாளில் முடிக்கச் சொல்லியிருந்தார்கள், அக்கா என்னைவிட வேகமாக எடுத்தார், குறிப்பு எழுதக் கை காய்ந்திருக்க வேண்டும். நான்கும் உண்மை. ஆனாலும் நான் உட்கார்ந்தது இவற்றுக்காக அல்ல. அதற்கு முன் யாரும் எனக்கு நாற்காலி போட்டதில்லை.

இரண்டாவது மாதிரி வந்தது. அக்கா வலைப்பையைக் கரைக்குக் கொண்டுவரவில்லை. முழங்காலளவுத் தண்ணீரில் நின்று, பாசியைக் கொத்தாக வெளியே எடுத்து, அலசி, உதறி, கடலிலேயே எறிந்தார். மிச்சமிருந்த இறாலையும் இரண்டு மூன்று குஞ்சு மீனையும் உள்ளங்கையில் வைத்து மறுபடி கழுவினார். பிறகு கரையேறி, ஒரு பூவரச இலையைப் பறித்து, அதில் வைத்து, இரண்டு கையாலும் நீட்டினார்.

“பாருங்க, ஒரு தூசி கெடையாது.”

அந்த இரண்டு கையையும் எனக்குத் தெரியும்.

என் ஊர் திருவையாற்றுக்குக் கிழக்கே. என் அப்பாவும் அம்மாவும் பண்ணையாட்கள். தையில் ஆற்றுத் தண்ணீரை நிறுத்தியதும் வாய்க்காலில் ஆங்காங்கே குட்டை தேங்கும். அம்மாவும் தெருப் பெண்களும் அதை இறைத்துக் கெண்டையும் கெளுத்தியும் பிடிப்பார்கள். வாய்க்கால் பண்ணை நிலத்துக்குள் போவதால், பிடித்ததில் நல்லது முதலில் பெரிய வீட்டுக்குப் போக வேண்டும். அம்மா விராலைப் பொறுக்கி எடுத்து, மூன்று தண்ணீரில் சேறு போகக் கழுவி, செவுளைக்கூட விரலால் வழித்து, வாழை இலையில் வைத்து, கொல்லைப் பக்கம் நின்று இரண்டு கையாலும் நீட்டுவாள். எங்கள் வீட்டுக் குழம்புக்கு எடுக்கும் மீனை அவள் அப்படிக் கழுவிப் பார்த்ததில்லை. ஏன் இப்படி என்று ஒருமுறை கேட்டேன்.

“அழுக்கோட குடுத்தா மீனு அழுக்குன்னு சொல்ல மாட்டாங்கடி. நம்மளத்தான் சொல்லுவாங்க.”

அப்பா பண்ணை நிலத்தில் கொஞ்சத்தைக் குத்தகைக்கும் உழுதார். அந்தக் குத்தகை வழக்கு வருடக்கணக்கில் நடந்து, அறுப்பு நாளில் போலீஸ் வந்து நின்று, கடைசியில் ஒரு ஏக்கர் அப்பா பேரில் பதிவானது. அதன் பிறகும் இரண்டு தைக்கு அம்மா இலையில் வைத்துக் கொடுத்துக்கொண்டுதான் இருந்தாள். கை பழகியிருந்தது.

ஆகவே அக்கா இலையை நீட்டியபோது, அவர் மாதிரியைக் கெடுக்கிறார் என்பது எனக்குத் தெரிந்தது. ஏன் கெடுக்கிறார் என்பதும் தெரிந்தது. வேறு யாராவது அதிகாரியாக இருந்திருந்தால் மரியாதை தெரிந்த பெண் என்று நினைத்துவிட்டுப் போயிருப்பார். அதைச் சரியாகப் படிக்கக்கூடிய ஒரே ஆள் அந்தக் கரையில் நான்தான்.

“அலச வேண்டாங்க்கா, அப்படியே பாசியோட குடுங்க” என்று சொல்ல ஐந்து வார்த்தை போதும். முதல் முறை சொல்லவில்லை. அடுத்ததில் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அடுத்ததில் சொன்னால், முதலில் ஏன் சொல்லவில்லை என்று ஆகிவிடும். நான்காவது மாதிரிக்கு நான் இலையை வாங்க எழுந்து நிற்பதைக்கூட விட்டுவிட்டேன். உட்கார்ந்தபடியே வாங்கினேன். பதினோரு முறை.

நடுவில் அக்கா கேட்டார்.

“ஆபீசரம்மாவுக்கு எந்த ஊருங்க?”

“தஞ்சாவூருக்கா.”

“டவுனா? எந்தப் பக்கம்? எந்தத் தெரு?”

“டவுன்தான்” என்றேன். தெருவைக் கேட்பது எதற்கு என்று இரண்டு பேருக்கும் தெரியும். அவர் அதற்கு மேல் கேட்கவில்லை. எனக்கு எந்தத் தெரு பொருந்தும் என்று அவராகவே ஒன்றை நினைத்துக்கொண்டார் என்பது, அடுத்த இலையை நீட்டும்போது அவர் இன்னும் கொஞ்சம் குனிந்ததில் தெரிந்தது.

அன்று மாலையே படிவம் எழுதினேன். அட்டவணையில் இறால் ஐந்து வகை, நண்டு இரண்டு, வந்துபோகும் குஞ்சு மீன்கள் நான்கு வகை. ‘பாசியில் நிலையாக வாழும் மீன்கள்’ என்ற வரிக்கு நேரே ‘இல்லை’. முதல் மாதிரியில் நான் பிடுங்கிய பாசியை, எடை பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ஒரு சீசாவில் ஃபார்மலின் ஊற்றிப் போட்டு வைத்தேன். எடை அறிக்கையின் பின்னிணைப்புக்குத்தான். அவசரமில்லை.

பதினோரு நாள் கழித்து அதைத் திறந்தேன். வெள்ளைத் தட்டில் கொட்டி, இடுக்கியால் இலை இலையாகப் பிரித்து எண்ணினேன். ஃபார்மலினில் பாசியின் பச்சை வெளுத்திருந்தது. முப்பதாவது இலையா, நாற்பதாவதா, நினைவில்லை. இடுக்கியில் வந்தது இலையைவிடக் கொஞ்சம் கெட்டியாக இருந்தது. திருப்பினேன். கண் இருந்தது.

விரல் நீளம். பக்கவாட்டில் தட்டையான உடம்பு. அதன் பச்சையும் போயிருந்தது. ஆனால் பழுப்புத் திட்டுகள் மிச்சமிருந்தன. வயதான பாசி இலையில் படியும் கறை எப்படி இருக்குமோ அப்படியே. செவுள் மூடியில் கண்போல ஒரு கரும்புள்ளி. முதுகுத் துடுப்பின் முன்முட்கள் நூலாக நீண்டிருந்தன. தடித்த உதடு, அதற்கு வெளியே துருத்திய சின்னப் பற்கள். உதட்டையும் பல்லையும் பார்த்ததுமே குடும்பம் தெரிந்துவிட்டது. கிளிமீனுக்கு உறவான, ஆங்கிலத்தில் ராஸ் என்று சொல்லும் குடும்பம். அந்தக் குடும்பத்து மீன்கள் பவளப் பாறையில் பகட்டான நிறத்தில் திரிபவை என்றுதான் முதலில் படிப்போம். பாடத்தின் கடைசியில் இப்படியும் சில உண்டு என்று வரும். இவை பாசியை விட்டு வெளியே வருவதில்லை. ஆபத்து வந்தால் ஓடுவதில்லை. இலையோடு இலையாகச் சாய்ந்து, நீரோட்டம் அசைத்தால் அசைந்து, அப்படியே நிற்கும். பாசியை உதறினாலும் விட்டுவிட்டு ஓடாது, கூடவே போகும்.

அதாவது, அலசினால் முதலில் போவது அதுதான்.

புத்தகத்தை எடுத்து மூன்று முறை ஒப்பிட்டேன். துடுப்பு முட்களை எண்ணினேன். சந்தேகமில்லை. மேலாளரிடம் தட்டோடு போனேன். அவர் மரியாதையானவர், குரலை உயர்த்தாதவர்.

“ஒண்ணுதானே? வழி தப்பி வந்திருக்கும்மா.”

“இது வழி தப்பி வர்ற மீன் இல்ல சார். பாசியிலேயே இருக்கிறது.”

“பன்னெண்டு மாதிரியில ஒண்ணுலதானே இருக்கு?”

மற்ற பதினொன்றையும் அலசிவிட்டோம் என்று சொல்ல வேண்டிய இடம் அது. சொன்னால், ‘நீங்க எங்க இருந்தீங்க?’ என்பது அடுத்த கேள்வி.

“ஆமா சார்” என்றேன்.

“ரிப்போர்ட் போயாச்சு. உங்க கையெழுத்துதான் இருக்கு. இப்ப மாத்தினா உங்க பேருதான் கெடும். யோசிச்சுக்கங்க.”

அவர் மிரட்டவில்லை. எனக்கு வேண்டியிருந்ததை எடுத்துக் கொடுத்தார். நான் வாங்கிக்கொண்டேன்.

கருத்துக் கேட்புக் கூட்டத்தை ஒன்றிய அலுவலக வளாகத்தில் பந்தல் போட்டு வைத்தார்கள். வருவாய்த் துறை அதிகாரி நடுவில். ஒரு பக்கம் பண்ணைக்காரர்களும் நிலம் விற்றவர்களும். இன்னொரு பக்கம், உப்பு ஏறிய வயல்காரர்களும் கூலிக்காரர்களும். வெளியே கொடி பிடித்துக் கோஷம் போட்டுக்கொண்டிருந்தார்கள். என் அப்பாவைப்போல் தலையில் துண்டு கட்டியவர்கள். அவர்கள் பக்கம் பார்க்காமல் உட்கார்ந்தேன். நானும் மேலாளரும் இருந்தது பண்ணைக்காரர்களுக்கு அடுத்த வரிசை.

நிலத்தைப் பற்றி நிறையப் பேர் பேசினார்கள். பாசியைப் பற்றிப் பேசியது அக்கா ஒருவர்தான். கூட்டத்தில் பேசிப் பழக்கமில்லாதவர். சேலைத் தலைப்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

“கால்வாய அந்தப் பாசியில வுடக் கூடாதுங்க. பாசி அழுகிட்டா எங்களுக்கு வேற எடம் கெடையாதுங்க. அதுக்குள்ள மீனு குடியிருக்குங்க.”

அதிகாரி கோப்பைப் புரட்டினார். “குடியிருக்கிற மீனு எதுவும் இல்லன்னு இதுல இருக்கேம்மா. என்ன மீனு? பேரு சொல்லு.”

“பேரெல்லாம் வக்கலீங்க. விக்கிற மீனா இருந்தாத்தானே பேரு. வெரல் நீளந்தான் இருக்கும். பாசி மாதிரியே இருக்கும். கையில பட்டாத்தான் மீனுன்னு தெரியும்.”

“பாசியே மீனாப் போயிருக்கும்” என்று விற்றவர்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல். சிரிப்பு.

“ஆய்வு பண்ணவங்க வந்திருக்காங்களா?”

எழுந்தேன். அக்கா என்னைப் பார்த்ததும் முகம் தெளிந்தார். தெரிந்த ஆள் வந்துவிட்டது என்கிற தெளிவு.

“அந்தம்மா சொல்ற மாதிரி மீன் உங்க ஆய்வுல இருந்ததா?”

“அட்டவணையில அப்படி எதுவும் பதிவாகலைங்க சார்.”

வார்த்தையை நான் முந்தின இரவே தேர்ந்து வைத்திருந்தேன். ஒவ்வொரு சொல்லும் சரி. அட்டவணையில் பதிவாகவில்லை. என் மேசையில் சீசாவில் இருந்தது.

அக்கா என்னை மறுத்துப் பேசுவார் என்று எதிர்பார்த்தேன். அதற்கும் பதில் வைத்திருந்தேன். அவர் அதிகாரியின் பக்கம் திரும்பினார்.

“அவங்க மேல தப்பு இல்லீங்க. நாந்தான் பாசிய அலசிப்புட்டேன். படிச்ச புள்ள கையில சேத்தோட குடுக்கக் கூடாதேன்னு அலசி அலசிக் குடுத்தேன். அதுலதான் போயிருக்கும். அவங்க என்ன செய்வாங்க பாவம்.”

பந்தல் முழுக்கச் சிரித்தது. அவர் பக்கத்து ஆட்களும் சிரித்தார்கள்.

“கழுவி வுட்டது நீயி, இப்ப மீனக் காணோம்னு வந்து நிக்கிறது யாரு? நீயி.”

“மீனுக்குத்தான் குளிப்பாட்டி வுட்டியா, ஆபீசருக்கும் சேத்தா?”

அதிகாரிகூடப் புன்னகைத்தபடி எதையோ எழுதினார். அக்காவும் வெட்கத்தோடு சிரித்துவிட்டு உட்கார்ந்தார். நான் நின்றுகொண்டிருந்தேன். உட்காரச் சொன்ன பிறகு உட்கார்ந்தேன்.

கூட்டம் கலைந்தபோது வாசலில் நாத்தனார் நின்றிருந்தார். வழியை மறிக்கவில்லை, சற்றே ஒதுங்கி நின்றுதான் சொன்னார்.

“எங்க அண்ணிக்கு அலசத்தான் தெரியும். அலசாதன்னு சொல்றதுக்குத்தானே ஒங்கள அனுப்புனாங்க? பதினொரு தடவ வாங்குனீங்களே, வாய்க்குள்ள என்ன இருந்துச்சு?”

ஜீப்பில் ஏறினேன்.

அந்த வருடம் மழைக்கு முன்னாலேயே கால்வாய் வெட்டினார்கள். நான் நிறுவனத்தை விட்டு, ஒரு கல்லூரியின் ஆய்வகத்தில் உதவியாளராகச் சேர்ந்தேன். விட்டதற்குக் காரணம் கேட்டவர்களிடம், ஊரோடு இருக்க வேண்டும் என்றேன். அந்தச் சீசாவை நிறுவனத்திலிருந்து கேட்காமல் எடுத்துவந்தேன். ஊருக்குப் போகும்போதெல்லாம் அம்மாவிடம் சொல்ல நினைப்பேன். அவள் பெருமையோடு என்னைப் பற்றித் தெருவில் சொல்வதைக் கேட்டுவிட்டுத் திரும்பிவிடுவேன். நான் நாற்காலியில் உட்கார்ந்து ஒருத்தியிடம் இலையில் வாங்கினேன் என்று அவளிடம் எப்படிச் சொல்வது? இன்றுவரை சொல்லவில்லை.

இரண்டு வருடம் போனது. சென்ற தை மாதம் பட்டுக்கோட்டை போய், அங்கிருந்து வேறு பஸ் பிடித்து அந்த ஊருக்குப் போனேன். கால்வாய் விழும் இடத்தில் தண்ணீர் பழுப்பாக இருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கினேன். அடியில் கறுப்புச் சேறுதான். காலில் பாசி தட்டுப்பட நெடுந்தூரம் வடக்கே நடக்க வேண்டியிருந்தது. அங்கேதான் அக்கா இருந்தார். தனியாக. மற்றவர்களில் பாதிப் பேர் பண்ணையில் இறால் தலை கிள்ளப் போகிறார்கள் என்று பிறகு தெரிந்தது.

அவருக்கு என்னை உடனே அடையாளம் தெரியவில்லை. சொன்ன பிறகு, “ஆபீசரம்மாவா? தண்ணியில நிக்கிறீங்க?” என்றார்.

வழியெல்லாம் பட்டியல் போட்டு வைத்திருந்தேன், எதற்குப் பிறகு எதைச் சொல்வது என்று. அதே வரிசையில் சொன்னேன். மீன் என்னிடம் கிடைத்தது. கூட்டத்துக்கு முன்பே கிடைத்தது. நீங்கள் அலசியதை நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். தடுத்திருக்க வேண்டியது நான்.

அவர் கையை நீருக்குள்ளிருந்து எடுத்தார்.

“கூட்டத்தன்னிக்கே தெரியுமா ஒங்களுக்கு?”

“தெரியும்க்கா.”

“அத்தன பேரு சிரிச்சாங்க. என் வூட்டுக்காரரு ஒரு மாசம் அதயே சொல்லிக் காட்டுனாரு. ஒன்னாலதான் பாசி போச்சுன்னு.”

“ஆமாங்க்கா.”

“நானும் அப்பிடித்தான் நெனச்சுட்டு இருக்கேன். ரெண்டு வருசமா.”

அதற்கு என் பட்டியலில் எதுவும் இல்லை. அடுத்ததாக வைத்திருந்ததைச் சொன்னேன். நான் தஞ்சாவூர் டவுன் இல்லை, திருவையாற்றுப் பக்கம் கிராமம், எங்கள் வீட்டில் எல்லோரும் பண்ணையாட்கள், என் அம்மாவும் இதேபோல் கழுவிக் கழுவித்தான் கொடுப்பாள் என்று. அதைச் சொன்னால் ஏதோ ஒன்று விளங்கிவிடும் என்று நினைத்திருந்தேன். சொல்லும்போதே அது ஒரு சாக்குப்போல என் காதில் விழுந்தது.

“அதுக்கென்ன இப்ப?” என்றார். “அதத் தெரிஞ்சு நான் என்ன பண்ணப் போறேன். கால்வாயப் பத்திச் சொல்லுங்க. மீனு இருந்துச்சுன்னு எழுதிக் குடுப்பீங்களா, மாட்டீங்களா?”

“குடுக்கறேன்க்கா.”

“கையெழுத்துப் போட்டு?”

“போட்டு.”

“அலசுனது நான், பாத்துட்டு உக்காந்திருந்தது நீங்க. அதயும் எழுதுவீங்களா?”

“எழுதறேன்.”

கரைக்கு வந்து, என் பையை மடியில் வைத்து, அதன்மேல் தாளை வைத்து எழுதினேன். பன்னிரண்டு இடங்கள், தேதி, யார் எடுத்தது, யார் எங்கே இருந்தது, மீனின் நீளம், முட்களின் எண்ணிக்கை, அது எந்த நாளில் என் கண்ணில் பட்டது, எந்த நாளில் நான் அதைச் சொல்லாமல் விட்டேன். அக்கா எழுத்துக் கூட்டிப் படிப்பார். ஒவ்வொரு வரியிலும் விரல் வைத்துப் படித்தார். அவர் விரல் ஈரத்தில் இரண்டு இடத்தில் மை கலங்கியது. வேறு தாளில் எழுதித் தருகிறேன் என்றேன். வேண்டாம், படிக்க முடிகிறது என்று மடித்து எடுத்துக்கொண்டார். அதைக் கரையில் இருந்த தன் சோற்றுத் தூக்குக்குள் வைத்து மூடிவிட்டுத் தண்ணீருக்குத் திரும்பினார்.

இன்றைய நிலை இது. அந்தக் கடிதத்தை அக்கா வருவாய்த் துறை அலுவலகத்தில் கொடுத்து, முத்திரை போட்ட நகல் வாங்கி வைத்திருக்கிறார். அதையே நான் தபாலில் தனியாக அனுப்பியிருக்கிறேன். ஒப்புகை அட்டை வந்தது, பதில் வரவில்லை. விசாரணைக்கு அழைத்தால் நானும் வர வேண்டும் என்று அக்கா சொல்லி அனுப்பினார். போவேன். அரசுக் கோப்பில் அந்த வரிக்கு நேரே இன்னும் ‘இல்லை’ என்றுதான் இருக்கிறது, கீழே என் கையெழுத்தோடு. கால்வாய் அதே இடத்தில் விழுகிறது.